எலுமிச்சங்கன்றும் வண்ணத்துப்பூச்சியின் புழுவும்

எலுமிச்சங்கன்று வைத்து வளர்க்கும் குடியானவர்கள் அநேகமாய் எல்லோரும் நம்மிடம் கூறும் முறையீடு ஒன்று உண்டு. தளிரும் இலையுமாய்த் தழைத்து நின்ற கன்று, ஒரு வாரம் பாராதிருந்து பார்த்தால் முள்ளும் நடுநரம்புமாய் நிற்கின்றது. ஆடு புகுந்த அடையாளமும் இல்லை என்பதே அம்முறையீடு. இச்சேதத்தைச் செய்வது ஆடன்று. மஞ்சளும் கறுப்புமாய் நம் கண்முன் பறந்து திரியும் ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழுவே அதனைச் செய்கின்றது. அப்புழு எவ்வாறு உண்டாகின்றது, எத்தனை நாள் தின்கின்றது, எப்போது அதனைப் பிடித்து ஒழிக்க வேண்டும், எப்போது பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம் என்பவற்றையெல்லாம் கன்றின் அருகே நின்று கண்ணால் பார்த்தே அறிந்துகொள்ளலாம். அறிந்துகொள்ளாதவர்களோ, புழு என்ற பேச்சைக் கேட்டவுடன் கடைக்குச் சென்று, கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கிவந்து, மறுநாள் குழம்பிற்குக் கிள்ளவேண்டிய கறிவேப்பிலையின் மேலும் சேர்த்துத் தெளித்துவிடுகின்றனர். இவ்வியாசம் எழுதலானது அது பற்றியே.

அதிராம்பட்டினமும் அதனை அடுத்த கிராமங்களும் தஞ்சாவூர் ஜில்லாவின் தென்பாகத்துக் கடலோரத்தில், 1934-ம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடைப் பக்கத்தில் உள்ளவை. நெல்லுக்கு அடுத்தபடியாக இங்குள்ளோருக்குத் தென்னையே ஆதரவு. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதிதாக வைத்த தென்னம்பிள்ளை பலனுக்கு வருமட்டும் இடைநிலத்தைச் சும்மா விடாமல் எலுமிச்சை, வாழை, கறிவேப்பிலை முதலியவற்றை வைப்பது புத்திசாலித்தனமான காரியமே. ஆனால் எலுமிச்சை பலன்தர மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். அதுவரையில் கன்றைக் காப்பாற்றுவதுதான் பிரதான வேலை. அக்காலத்தில் அதற்கு வரும் முக்கியமான இடையூறுகளில் இப்புழுவும் ஒன்று.

இதன் தாய்ப்பூச்சியை அடையாளம் காண்பது எளிது. சிறகுகளை விரித்தால் மூன்று முதல் நான்கு அங்குலம் வரையில் இருக்கும். கறுப்பு நிறத்தின் மேல் வெளிர்மஞ்சள் திட்டுகள் பரந்திருக்கும். பின்சிறகின் உள்மூலையில் செந்நிறப் புள்ளி ஒன்று காணப்படும். இவ்வினத்தைச் சேர்ந்த வேறு சில பூச்சிகளுக்கு உள்ளது போன்ற வால் இதற்கு இல்லை. பூவில் தேன் குடிக்கும்போதும் சிறகை அடித்துக்கொண்டே இருக்கும். வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் இறங்கி நீர் உறிஞ்சுவதையும் பார்க்கலாம். ஸ்வீடன் தேசத்துச் சாஸ்திரியான லின்னேயஸ் 1758-ம் ஆண்டிலேயே இதற்குச் சாஸ்திரப் பெயர் இட்டுவிட்டார். சென்னை மாகாணத்தில் சர்க்கார் பூச்சி சாஸ்திரியாயிருந்த ப்ளெச்சர் 1914-ல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலிலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940-ல் வெளியிட்ட நூலிலும் இது எலுமிச்சையின் சத்துருவாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே இது நமக்குப் புதிதாக வந்த தொல்லையன்று.

பூச்சி தான் இலையைத் தின்பதில்லை; அதற்கு வேண்டியது தேன் மட்டுமே. இலையைத் தின்பது அதன் குழந்தைப் பருவமாகிய புழு. ஆதலால் முட்டையிடப் போகும் தாய், தன் குஞ்சு தின்னத்தக்க செடி எதுவென்பதை முன்னதாகவே தேர்ந்தெடுக்கின்றது. அது செடிக்குச் செடி தாழப் பறந்து, இலையின்மேல் ஒரு கணம் அமர்ந்து முன்கால்களால் தட்டிப் பார்ப்பதைக் காலை வேளையில் கொல்லையில் நின்றால் காணலாம். அதன் பாதங்களில் சுவையறியும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. நாம் நாவினால் அறிவதை அது காலினால் அறிகின்றது. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கறிவேப்பிலை, வில்வம் ஆகிய இவை யாவும் தாவர சாஸ்திரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையைக் கசக்கினால் வாசனை வீசுவது இவற்றிற்குப் பொதுவான குணம். இவற்றைத்தான் அது நாடும். மாவையோ, முருங்கையையோ, பக்கத்து வயலின் நெல்லையோ ஒருகாலும் தொடாது. எலுமிச்சைக் கொல்லையில் இப்பூச்சி பறப்பதைக் கண்டு, நெற்பயிருக்கும் ஆபத்து வந்துவிட்டதென்று பயப்படுவோர் இதனை மனத்தில் வைத்தல் வேண்டும்.

இதில் ஒரு விந்தை என்னவென்றால், இதே பூச்சி ஆஸ்திரேலியாவில் எலுமிச்சையை அநேகமாய் விட்டுவிட்டு, நம் நாட்டுக் கார்போகரிசிச் செடிக்கு உறவான ஒருவகைச் செடியைத் தின்று வாழ்கின்றது. மேற்கிந்தியத் தீவுகளில் இது முன்பு கிடையாது. 2004-ம் ஆண்டில் டொமினிக்கன் குடியரசில் முதன்முதலாகக் காணப்பட்டு, 2006-க்குள் ஜமெய்க்கா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய தீவுகளையும் அடைந்தது. அங்குள்ள நாற்றங்கால்காரர்கள் அதற்குப் பின்னர் நம்மைப் போலவே கன்றைக் காக்கக் கவலைப்படலாயினர்.

முட்டை ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடப்படும்; குவியலாக இராது. இளந்தளிரில் இடுவதே வழக்கம். ஆகையால் மழைக்குப் பின்னரும், தண்ணீர் கட்டி எருவிட்ட பின்னரும் கன்று துளிர்விடும் சமயமே எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய சமயம். முட்டை உருண்டையாய், வெளிர்மஞ்சளாய், கடுகினும் சிறியதாய் இருக்கும். கோடையில் மூன்று, நான்கு நாட்களில் பொரிந்துவிடும்.

பொரிந்து வெளிவரும் புழுவைப் பலர் கண்டும் காணாதவராவர். காரணம் அதன் உருவமே. கரும்பழுப்பு நிறமும், நடுவில் வெள்ளைப் பட்டையும், ஈரம் படிந்தாற்போன்ற மினுமினுப்புமாய் இலையின் மேற்புறத்தில் அசையாமல் கிடக்கும் அதனைப் பறவையின் எச்சம் என்றே எண்ணத்தோன்றும். பறவையும் அவ்வாறே எண்ணி விட்டுவிடுகின்றது. இந்த வேஷம் நாலு தோல் உரிக்கும் வரையில்தான். ஐந்தாம் பருவத்தில் புழு திடீரென்று பச்சை நிறமாகி, பக்கங்களில் சாய்வான கரும்பட்டைகளோடு ஒன்றரை அங்குலத்திற்கு மேல் வளர்ந்துவிடும். அப்போது அது தளிரின் நிறத்தோடு ஒன்றிப்போவதால், முன்போலவே கண்ணுக்கு அகப்படுவதில்லை. தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கை இக்கடைசிப் பருவத்துச் சில நாட்களிலேயே தின்றுவிடும். கன்று "ஒரே இரவில்" மொட்டையாயிற்று என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரே இரவில் வந்த புழுவன்று அது. இரண்டு வாரமாக அக்கன்றிலேயே எச்சம்போல் கிடந்த புழுவே அது.

புழுவைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, முதலில் கீழே பார்ப்பதுதான். அடியிலைகளின் மேலும் தரையிலும் கேழ்வரகுபோன்ற கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால் அவை புழுவின் கழிவு. அதற்கு நேர்மேலே உள்ள கிளையில் புழு இருக்கும். விரலால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாய்ப் பிளந்த செந்நிறக் கொம்பு ஒன்றை நீட்டும். அழுகிய பழத்தைப்போல் ஒரு நாற்றம் வீசும். சிறுவர்கள் இதைக் கண்டு அஞ்சி, கடிக்கும் என்றும் விஷம் என்றும் கூறுவர். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. அந்தக் கொம்பு எறும்பையும் சிறு விரோதிகளையும் விரட்டுவதற்காக ஏற்பட்டது. முருங்கை மரத்தில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியைத் தொட்டால் அரிப்பெடுப்பதால் எல்லாப் புழுவும் அப்படியே என்று எண்ணிவிட்டனர் போலும். அது அந்துப்பூச்சியின் புழு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நன்றாய் வளர்ந்த புழு தின்பதை நிறுத்தி, ஒரு குச்சியை அடைந்து, வாலைப் பட்டுநூலால் ஒட்டவைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிச் சாய்ந்தவாறு நிற்கும். பிறகு தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். பச்சைக் குச்சியில் உள்ள கூடு பச்சையாகவும், காய்ந்த கட்டையிலோ சுவரிலோ உள்ள கூடு பழுப்பாகவும் இருப்பது வழக்கம். எட்டு, பத்து நாட்களில் கூடு வெடித்துப் பூச்சி வெளிவரும். முட்டை முதல் பூச்சி வரையில் நம் சீமையில் சுமார் ஒரு மாதம் ஆகும்.

இவற்றை எவரும் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கலாம். புழுவுள்ள ஒரு கிளையை நறுக்கி, வாய் குறுகிய புட்டியில் தண்ணீர் விட்டு அதில் செருகி, புழு தண்ணீரில் விழாதபடி வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே மல்துணியால் கூண்டுபோல் மூடி வைத்தால் போதும். தினம் புதுக்கிளை மாற்ற வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒப்புவித்தால் தேதி தவறாமல் எழுதியும் வைப்பான். ஒரு புழு ஒரு நாளில் எத்தனை இலை தின்றது என்று எண்ணி எழுதிய குடும்பத்தார், எந்தப் பருவத்தில் பிடிக்கவேண்டும் என்பதை நம்மிடம் வந்து கேட்கமாட்டார்கள்.

இப்படி வளர்த்துப் பார்ப்பதில் முக்கியமான பயன் இன்னொன்றும் உண்டு. கொண்டுவந்து வைத்த புழுக்கள் யாவும் பூச்சியாவதில்லை. சில கூடுகளில் பூச்சி வெளிவருவதற்குப் பதிலாக ஊசியால் குத்தினாற்போன்ற வட்டத் துவாரம் தோன்றி, அதன் வழியே சின்னஞ்சிறு குளவிகள் வெளிப்படும். சில முட்டைகள் முழுதும் கறுத்துப்போய்ப் புழு பொரியாமல், கண்ணுக்குப் புலப்படாத அளவுள்ள குளவி ஒன்றைத் தரும். கரும்பு, நெல் ஆகியவற்றின் துளைப்பான்களை அடக்குவதற்காக அட்டைகளில் ஒட்டி வயலில் கட்டப்படும் டிரைக்கோகிராமா என்னும் முட்டை ஒட்டுண்ணியின் இனத்தவை இவ்வேலையைச் சம்பளமின்றியே செய்கின்றன. வேறு சில புழுக்களின் உடம்பிலிருந்து சிறு வெண்புழுக்கள் வெளிவந்து, பக்கத்திலேயே அரிசிக் குருணைபோல் வெள்ளைக் கூடுகளைக் கட்டிவிடும். இவற்றைப் "புழு இட்ட முட்டை" என்று கருதி நசுக்குவது நம் கிராமங்களில் சாதாரணம். புழு ஒருபோதும் முட்டையிடாது. அந்த வெண்கூடுகள் நம் சிநேகிதர்களுடையவை. அவற்றை நசுக்குகிறவர் தம் வேலையாளைத் தாமே விரட்டியவராவார்.

இனி, என்ன செய்யவேண்டும் என்பதைப் பார்ப்போம். இதில் புழுவின் வயதைப்போலவே செடியின் வயதும் முக்கியம். பத்து வயதுள்ள எலுமிச்சை மரத்திலோ, ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த கறிவேப்பிலையிலோ இருபது புழு இருந்தாலும் மரத்திற்கு ஒன்றும் ஆகிவிடாது, விட்டுவிடலாம். நட்டு ஓராண்டு ஆகாத முழ உயரக் கன்றில் நாலு புழு இருந்தால் அதுவே அதிகம். கன்று ஒருமுறை மொட்டையானதால் பட்டுப்போய்விடுவதில்லை. ஆயினும் வளர்ச்சி தடைப்படும். சித்திரை வெயிலில் நிழலற்ற இளந்தண்டு காயும். மறுபடி துளிர்க்கும் தளிருக்கு அடுத்த தாய்ப்பூச்சி வந்து சேரும். இரண்டு மூன்று முறை இப்படி நேர்ந்தால் கன்று குட்டையாகவே நின்றுவிடும்.

ஆகவே கன்றுக்குக் கன்று, துளிர்விடும் காலத்தில் வாரம் இருமுறை காலையில் பார்த்துக் கையால் எடுத்துவிடுவதே போதுமானது. ஐம்பது கன்றைப் பார்க்க ஒரு நாழிகை ஆகாது. எச்சம்போல் உள்ள சின்னப் புழுவாய் இருக்கும்போதே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பக்கத்தில் பெரிய நாரத்தை மரம் இருந்தால் அதில் கொண்டு விட்டுவிடுவோரும் உண்டு. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. வெண்கூடு கட்டிய புழுவையும், துவாரமுள்ள கூட்டையும் தொடாதிருக்க வேண்டும்.

கையால் எடுத்து மாளாத அளவு நாற்றங்காலோ தோட்டமோ வைத்திருப்பவர்கள் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். ஓடு நீக்கிய பருப்பைப் பொடித்து, லிட்டர் ஒன்றுக்கு 50 கிராம் வீதம் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பது முறை. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைச் சேகரித்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் செலவும் இல்லை. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு செய்த தூளும் கடைகளில் கிடைக்கின்றது. பட்டுப்புழுவைக் கொல்லும் நோயாக 1901-ல் ஜப்பானில் இது முதலில் காணப்பட்டது. இலையோடு சேர்த்துத் தின்ற புழுவின் வயிற்றைத்தான் இது கெடுக்கும். வெயிலில் வலிவு குன்றுமாதலால் இதனையும் மாலையிலேயே தெளிக்க வேண்டும். இவ்விரண்டும் சின்னப் புழுவிடம் வேலை செய்யும் அளவு கட்டைவிரல் நீளப் புழுவிடம் வேலை செய்யா. அந்நிலைக்கு வந்த புழுவைக் கையால் எடுப்பதே வழி.

கடும் நஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நாட்களில் காரீய ஆர்ஸனேட்டும், இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் டி.டி.டி.யும் எல்லாப் புழுவுக்கும் சிபாரிசு செய்யப்பட்டதுண்டு. டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது 1989-ல் நம் தேசத்தில் தடுக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் வந்த மருந்துகளிலும் பல, புழுவோடு மேற்சொன்ன குளவிகளையும் கொன்றுவிடும். குளவி மறைந்த தோட்டத்தில் அடுத்த மாதம் புழு இரட்டிப்பாவதைப் பார்க்கின்றோம். கறிவேப்பிலை விஷயத்திலோ சொல்லவே வேண்டாம். நெல்லை உமி நீக்கித் தின்கின்றோம், எலுமிச்சையைத் தோல் விலக்கிப் பிழிகின்றோம்; கறிவேப்பிலையை மட்டும் தெளித்த இலையையே கிள்ளிப் போடுகின்றோம். 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஐரோப்பிய நாட்டார் இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து மிச்சத்தின் பொருட்டு விசேஷப் பரிசோதனைக்கு உட்படுத்தலாயினர். அங்கு அனுப்பாத இலையை நம் வீட்டில் பரிசோதிப்பவர் ஒருவருமில்லை. கறிவேப்பிலையில் புழு தின்ற கிளையை வெட்டி எறிந்தால் பக்கத்தில் புதுக்கிளை வரும். அச்செடிக்கு அதுவே வைத்தியம்.

எலுமிச்சை இலையில் வெள்ளிக்கம்பிபோல் வளைந்து வளைந்து கோடு தோன்றி இலை சுருண்டால் அது இப்புழுவின் வேலையன்று. இலைத்தோலுக்குள்ளே குடையும் சிறு அந்துப்பூச்சியின் புழு அது. அக்காயத்தின் வழியே சொறிநோயும் புகும். அதனைத் தனியே கவனிக்க வேண்டும்.

கொல்லையில் காணும் மற்ற வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றால் நமக்கு நஷ்டம் இல்லை. எருக்கிலும் அரளியிலும் உள்ள பட்டைபோட்ட புழுக்கள் அவற்றை விட்டு நகரா. ஆடுதீண்டாப்பாளையைத் தின்னும் கரும்புழு, அதன் நஞ்சைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, சிவந்த உடலுள்ள அழகிய பூச்சியாகின்றது. அதனைப் பறவை தின்னாது. எலுமிச்சையைத் தின்னும் இன்னொரு வகைப் பூச்சியின் பெண்களிற் சில, இந்தச் சிவப்புப் பூச்சியைப்போலவே வேஷம் பூண்டு பிழைக்கின்றன. நம் ராஜ்யத்தின் சின்னமாக 2019-ல் அறிவிக்கப்பட்ட 'தமிழ் மறவன்' மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. அதனை நம் கடற்கரையில் தேடவேண்டாம்.

பயப்படத்தக்கது ஒன்று உண்டு. அது மாதுளையைத் துளைக்கும் பூச்சி. பூவின் புல்லியிலும் பிஞ்சிலும் முட்டையிடும். புழு உள்ளே புகுந்து விதைகளைத் தின்னும். வெளியில் ஒரு சிறு துவாரமும் நாற்றமுமே தெரியும். தான் குடியிருக்கும் காய் உதிர்ந்துவிடாமல் இருக்க, புழு வெளியே வந்து காம்பைக் கிளையோடு நூலால் கட்டிவைப்பதும் உண்டு. இதற்குத் தெளிப்பு பயன்படாது. பிஞ்சு பிடித்தவுடன் துணிப்பையோ காகிதப்பையோ கட்டிவிடுவதும், துளைபட்ட காயைப் பறித்துப் புதைப்பதுமே வழி.

நெல்லிலும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் உண்டு. தலையில் இரு கொம்புள்ள பச்சைப்புழு ஒன்று. இலையை நீளவாட்டில் குழாய்போல் சுருட்டி உள்ளே இருக்கும் புழு மற்றொன்று. இரண்டும் இலை ஓரத்தைக் கடித்துச் செல்லுமேயன்றிப் பெருஞ்சேதம் செய்வது அரிது. சம்பாவிலும் தாளடியிலும் மாசூலைக் குறைப்பவை தண்டு துளைப்பானும், பச்சையைச் சுரண்டி இலையை வெளுக்கச்செய்யும் இலைச்சுருட்டுப் புழுவும் ஆகும். இவ்விரண்டும் அந்துப்பூச்சி இனம். சேதம் பற்றி அறிக்கை எழுதும் கிராம உத்தியோகஸ்தர்கள் "புழு விழுந்தது" என்று மட்டும் எழுதாமல், இலை வெளுத்ததா, ஓரம் கடிபட்டதா, குருத்து வாடிற்றா என்பதையும் குறித்தனுப்பினால், எந்தப் புழு என்பது இலாகாவுக்கு உடனே விளங்கும். நஷ்டஈடு கோரும் சமயத்திலும் அக்குறிப்பே குடியானவருக்கு உதவியாகும்.

அடையாளம் தெரியாத புழுவை நம்மிடம் கொண்டுவருவோர், நசுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருதல் கூடாது. மூடியில் சிறு துளையிட்ட டப்பாவில், அது தின்றுகொண்டிருந்த இலையோடு உயிருடன் வைத்து, செடியின் பெயர், வயது, ஊர், கண்ட தேதி ஆகியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே இட்டுக் கொண்டுவர வேண்டும். அருகில் வெண்கூடோ, கறுத்த முட்டையோ இருந்தால் அதனையும் இலையோடு கிள்ளி அதே டப்பாவில் வைக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் தாமதமானால் இலையை மாற்றவேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டாம்.